இன்ஹேலர் அடித்தும் அளவு ஏறவில்லை என்றால் மருந்து வீணா?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் அப்பாவுக்கு 63 வயது. பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டியவர். இருபது வயதிலிருந்து பீடி பழக்கம். இப்போது ஒரு நாளைக்கு நாலைந்தாகக் குறைத்திருக்கிறார். சில வருடங்களாகவே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. போன நவம்பரில் முதல்முறையாக ஊதிப் பார்க்கும் பி.எஃப்.டி. டெஸ்ட் எடுத்தோம். அதில் 'மருந்துக்கு நல்ல மாற்றம் தெரிகிறது, ஆஸ்துமாவாகவும் இருக்கலாம்' என்று எழுதியிருந்தார்கள். மருத்துவர் சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) என்று சொல்லி, தினமும் காலையில் ஒருமுறை இழுக்கும் டியோட்ரோபியம், ஃபார்மோடெரால் கலந்த இன்ஹேலர் கொடுத்தார். ஏப்ரலில் வேறு ஒரு லேபில் மறுபடி எடுத்தபோது 'குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை' என்று வந்தது. அதைப் பார்த்துவிட்டு அப்பா, 'மருந்தே கேக்கலைன்னு அவங்களே எழுதிட்டாங்க, அப்புறம் எதுக்கு இழுக்கணும்' என்று மூன்று வாரமாக இன்ஹேலரை நிறுத்திவிட்டார். இது ஆஸ்துமாவா, சி.ஓ.பி.டி.யா? மருந்து உண்மையிலேயே வேலை செய்யவில்லையா? இரண்டு அறிக்கைகளையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு வேலை. இன்றே அப்பாவின் மருத்துவரிடம் போனில் பேசி, மூன்று வாரமாக மருந்து நின்றுபோன விஷயத்தைச் சொல்லி, இன்ஹேலரை மறுபடி தொடங்குங்கள். அதை நிறுத்தச் சொல்லி அந்த அறிக்கையில் எங்கும் எழுதவில்லை. லேபில் ஒருமுறை ஊதவைத்து, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புடமால் மருந்தை அடித்து, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி ஊதவைத்து, இரண்டையும் ஒப்பிடுவார்கள். அதில் இருப்பது 'அன்றைக்கு, அந்தப் பதினைந்து நிமிடத்தில், எதிர்பார்த்த அளவுக்கு எண் ஏறவில்லை' என்ற செய்தி மட்டும்தான். இதற்கும் 'மருந்து கேட்கவில்லை' என்பதற்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எஃப்.இ.வி.1 என்ற வரிசையை எடுத்துக்கொள்வோம். மூச்சை முழுவதுமாக இழுத்துக்கொண்டு பலமாக ஊதும்போது, முதல் ஒரு நொடியில் வெளியே வரும் காற்றின் அளவு அது. நவம்பரில் மருந்துக்கு முன் 1.12 லிட்டர், மருந்துக்குப் பின் 1.34 லிட்டர். ஏறியது 220 மி.லி., அதாவது 20 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஏப்ரலில் முன் 1.24, பின் 1.36. ஏறியது 120 மி.லி., பத்து சதவீதம்கூட இல்லை. எல்லோருடைய கண்ணும் 220, 120 என்ற வித்தியாசத்திலேயே போய் நின்றுவிட்டது. 'பின்' என்ற கட்டத்தை யாரும் கவனிக்கவில்லை. 1.34, 1.36. ஐந்து மாத இடைவெளியில், வெவ்வேறு லேபில், வெவ்வேறு மெஷினில் எடுத்தும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. மருந்து கொடுத்தால் அப்பாவின் மூச்சுக்குழாய் போய் நிற்கும் இடம் மாறவே இல்லை. புறப்பட்ட இடம்தான் மாறியிருக்கிறது.

அது ஏன் மாறியது என்பதற்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நவம்பரில் அப்பா எந்த மருந்தும் எடுக்கவில்லை. ஏப்ரலிலோ தினமும் காலையில் இன்ஹேலர் இழுத்துக்கொண்டிருந்தார். டெஸ்டுக்குப் போன அன்றும் இழுத்துவிட்டுத்தான் போயிருப்பார் என்று நினைக்கிறேன், அவரிடம் கேட்டுப் பாருங்கள். டியோட்ரோபியம் ஒரு நாள் முழுக்க மூச்சுக்குழாயை விரித்து வைத்திருக்கும் மருந்து. ஃபார்மோடெரால் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். ஏற்கெனவே விரிந்திருக்கும் குழாயில் லேபில் இன்னும் நான்கு பஃப் அடித்துவிட்டு 'பெரிய மாற்றம் இல்லை' என்று எழுதுவது, வயிறு நிறைய சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கு இலை போட்டுப் பரிமாறிவிட்டு, 'இவருக்குப் பசியே இல்லை' என்று சொல்வது மாதிரி. மருந்துக்கு முன் அளவே 1.12-லிருந்து 1.24 ஆகியிருக்கிறதே, அந்த 120 மி.லி.யைத் தினசரி மருந்தின் கணக்கில் வைக்கத்தான் எனக்குத் தோன்றுகிறது. ஒரே ஒரு ஒப்பீட்டை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் 'வேலை செய்யவில்லை' என்பதற்கு நேர் எதிரான பக்கம்தான் அந்த எண் சாய்கிறது.

இந்த மாற்றத்தை அளக்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், டெஸ்டுக்கு முன் சில மருந்துகளை இடைவெளி விட்டு நிறுத்தச் சொல்வோம். சால்புடமால் என்றால் 4 முதல் 6 மணி நேரம், இப்ராட்ரோபியம் 12 மணி நேரம், ஃபார்மோடெராலும் சால்மெடெராலும் ஒரு நாள், இண்டகாடெரால், விலான்டெரால் போன்றவை 36 மணி நேரம், டியோட்ரோபியம், கிளைகோபைரோனியம் வகைகள் 36 முதல் 48 மணி நேரம். பல லேப்களில் இதை யாரும் சொல்வதில்லை. 'வெறும் வயிற்றில் வரணுமா' என்று நோயாளி கேட்பார், 'வேண்டாம்' என்பார்கள், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். டெஸ்டை எழுதிக் கொடுக்கும் மருத்துவரிடம் 'மருந்தை நிறுத்திவிட்டுப் போகவா, எடுத்துவிட்டுப் போகவா' என்று கேளுங்கள். சிகிச்சையில் இருப்பவர் எப்படி இருக்கிறார் என்று பார்ப்பதற்கான டெஸ்ட் என்றால் மருந்தோடு போவதுதான் சரி. எது எப்படியானாலும் கடைசியாக எந்த மருந்தை எத்தனை மணிக்கு எடுத்தார் என்பது அறிக்கையில் இருக்க வேண்டும். உங்கள் இரண்டு தாளிலும் அந்த வரி காலியாகக் கிடக்கிறது. இடைவெளி விட்டிருக்கும்போது மூச்சுத் திணறினால், டெஸ்ட் கெட்டாலும் பரவாயில்லை, அவசரத்துக்கு வைத்திருக்கும் இன்ஹேலரை எடுத்துவிட வேண்டும்.

'குறிப்பிடத்தக்க மாற்றம்' என்று அவர்கள் எழுதுவதற்கு ஒரு கோடு வைத்திருக்கிறார்கள். 2005-ல் அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து வகுத்தது அது: எஃப்.இ.வி.1 அல்லது எஃப்.வி.சி. (மொத்தமாக ஊதி வெளியேற்றும் காற்று), மருந்துக்கு முன் இருந்ததைவிட 12 சதவீதமும் ஏற வேண்டும், 200 மி.லி.யும் ஏற வேண்டும். நம் ஊர் லேப்களில் பெரும்பாலான மெஷின்களில் இன்னும் இந்தக் கணக்குதான் ஓடுகிறது. உங்கள் அப்பா நவம்பரில் கோட்டைத் தாண்டினார், ஏப்ரலில் தாண்டவில்லை. ஆனால் ஒருவரை ஒரே நாற்காலியில் உட்காரவைத்து, எந்த மருந்தும் கொடுக்காமல் அடுத்தடுத்து ஊதச் சொன்னாலே, சிறந்த இரண்டு ஊதல்களுக்கு நடுவே 150 மி.லி. வரை வித்தியாசம் வரலாம். அதுவரை ஒழுங்கான டெஸ்ட் என்றே ஏற்றுக்கொள்கிறோம். அளவுகோலிலேயே இவ்வளவு ஆட்டம் இருக்கும்போது, 200-ல் ஒரு கோடு போட்டு இந்தப் பக்கம் 'ஆம்', அந்தப் பக்கம் 'இல்லை' என்று மனிதர்களைப் பிரித்தால், கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் ஒவ்வொரு முறையும் பக்கம் மாறிக்கொண்டுதான் இருப்பார்கள்.

அந்தக் கோட்டில் இன்னொரு கோளாறும் உண்டு. ஆரம்ப அளவு 2.5 லிட்டர் இருப்பவருக்கு 200 மி.லி. என்பது வெறும் 8 சதவீதம். 0.8 லிட்டரில் தவிப்பவருக்கு அதே 200 மி.லி. 25 சதவீதம்; அவருக்கு 150 மி.லி. ஏறினாலே படுக்கையிலிருந்து எழுந்து பாத்ரூம் போய் வருவதில் வித்தியாசம் தெரியும், ஆனால் அறிக்கை 'மாற்றம் இல்லை' என்றுதான் வரும். நம் கிராமங்களில் பீடி, சிகரெட்டைத் தொட்டே பார்க்காமல், விறகடுப்புப் புகையிலேயே நுரையீரல் கெட்டுப்போன பாட்டிமார்கள் எத்தனையோ பேர் வருகிறார்கள். நாலே முக்கால் அடி உயரம், சிறிய மார்புக்கூடு. அவர்களால் 200 மி.லி. ஏற்றிக் காட்டுவது குதிரைக்கொம்பு. இந்த அநியாயத்தைச் சரிசெய்யத்தான் அதே சங்கங்கள் 2021-ல் வகுத்து 2022-ல் வெளியிட்ட நெறிமுறையில் கணக்கை மாற்றினார்கள். அந்த வயது, உயரம், பாலினத்துக்கு இருக்க வேண்டிய அளவு எவ்வளவோ, அதில் 10 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் இப்போது 'மாற்றம்'.

இந்தப் புதுக் கணக்கை அப்பாவின் நவம்பர் அறிக்கையில் போட்டுப் பார்த்தேன். அவருக்கு இருக்க வேண்டிய எஃப்.இ.வி.1 2.40 லிட்டர் என்று தாளிலேயே இருக்கிறது. ஏறிய 220 மி.லி. அதில் 9.2 சதவீதம். பழைய கணக்கில் பாஸ், புதுக் கணக்கில் பாஸ் இல்லை. அதே நேரம் எஃப்.வி.சி. 2.30-லிருந்து 2.62 ஆகியிருக்கிறது, இருக்க வேண்டிய 3.05 லிட்டரில் அது 10.5 சதவீதம், இதில் பாஸ். ஒரே மனிதர், ஒரே நாள், ஒரே ஊதல். எந்தக் கணக்கைப் போடுகிறோம், எந்த வரிசையைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் புரள்கிறது. இப்படிப் புரளும் ஒன்றை நம்பி தினசரி மருந்தை நிறுத்தலாமா?

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. ஐசோல்டே என்ற பிரிட்டன் ஆய்வில் சேர்ந்த சி.ஓ.பி.டி. நோயாளிகள் அறுநூற்றுச் சொச்சம் பேரை, சில வார இடைவெளிகளில் மறுபடி மறுபடி இப்படி அளந்து பார்த்த முடிவுகள் 2003-ல் வெளியாயின. ஏறத்தாழ பாதிப் பேர் ஒரு முறை 'மாற்றம் உண்டு', இன்னொரு முறை 'மாற்றம் இல்லை' என்று பக்கம் மாறியிருந்தார்கள். அவர்கள் நோய் அதற்குள் மாறிவிடவில்லை.

இனி உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். மருந்துக்கு மாற்றம் வந்தால் ஆஸ்துமா, வராவிட்டால் சி.ஓ.பி.டி. என்று ஒரு காலத்தில் பாடம் நடந்தது உண்மை. அந்த நினைப்பில்தான் நவம்பர் லேபில் 'ஆஸ்துமாவாகவும் இருக்கலாம்' என்று எழுதியிருக்க வேண்டும். டியோட்ரோபியத்தை வைத்து ஏறத்தாழ ஆறாயிரம் சி.ஓ.பி.டி. நோயாளிகளிடம் நடந்த அப்லிஃப்ட் என்ற பெரிய ஆய்வின் முடிவுகள் 2008-ல் வந்தன. அதில் சேர்ந்தவர்களுக்குத் தொடக்கத்தில் சால்புடமாலும் இப்ராட்ரோபியமும் சேர்த்துக் கொடுத்து அளந்தபோது, பாதிக்கு மேற்பட்டோர் அந்த 12 சதவீதம், 200 மி.லி. கோட்டைத் தாண்டினார்கள். ஆக, சி.ஓ.பி.டி.யில் மருந்துக்கு மாற்றம் வருவது சர்வ சாதாரணம். அதனால்தான் சி.ஓ.பி.டி.க்கான உலகளாவிய வழிகாட்டியான கோல்ட், இந்த ஏற்றத்தை வைத்து இரண்டு நோய்களையும் பிரிக்க வேண்டாம், நீண்ட கால மருந்து பலன் தருமா என்று ஜோசியம் பார்க்கவும் வேண்டாம் என்கிறது.

நோயை உறுதி செய்வதற்கு அந்த வழிகாட்டி பார்க்கச் சொல்வது மருந்துக்குப் பிந்தைய எஃப்.இ.வி.1-ஐ எஃப்.வி.சி.யால் வகுத்தால் வரும் விகிதத்தை. 0.70-க்குக் கீழே இருந்தால், புகைப் பழக்கமும் இளைப்பும் சேர்ந்தால், அது சி.ஓ.பி.டி. அப்பாவுக்கு நவம்பரில் 1.34-ஐ 2.62-ஆல் வகுத்தால் 0.51. ஏப்ரலில் 1.36-ஐ 2.66-ஆல் வகுத்தால் அதே 0.51. நாற்பது வருடப் பீடி, அதோடு விசைத்தறிக் கூடத்துப் பஞ்சுத் தூசி. உங்கள் மருத்துவர் சி.ஓ.பி.டி. என்று சொன்னது சரி என்றே நானும் நினைக்கிறேன்.

ஆஸ்துமாவும் கூடவே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் அதற்கு வேறு கேள்விகள். சின்ன வயதில் இளைப்பு இருந்ததா? தும்மல், மூக்கடைப்பு, தோல் அரிப்பு உண்டா? கூடப் பிறந்தவர்களுக்கு ஆஸ்துமா இருக்கிறதா? சில வாரம் துளிக்கூடத் தொந்தரவே இல்லாமல் இருந்துவிட்டுத் திடீரென்று நடுராத்திரியில் வீசிங் வருகிறதா? ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற ஒருவகை வெள்ளையணுக்களின் எண்ணிக்கை எவ்வளவு? அது 300 அல்லது அதற்கு மேல் இருந்து, அடிக்கடி நோய் முற்றி ஆஸ்பத்திரிக்குப் போகிறவராகவும் இருந்தால், ஸ்டீராய்டு இன்ஹேலரைச் சேர்ப்பதைப் பற்றி யோசிப்போம். 100-க்குக் கீழே என்றால் பொதுவாகத் தவிர்ப்போம். இந்த ஒரு ரத்தப் பரிசோதனை எடுக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள், செலவு குறைவு. மருந்து கொடுத்ததும் 400 மி.லி.க்கு மேல் ஏறினாலோ, விகிதம் 0.70-ஐத் தாண்டி முழுக்க நார்மல் ஆகிவிட்டாலோ கதை வேறு. அப்போது ஆஸ்துமாவைத் தீவிரமாகத் தேட வேண்டும். அப்பாவின் எண்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

எஃப்.இ.வி.1 அசையாமல் இருக்கும்போதுகூட மருந்து என்ன செய்கிறது என்பதை அப்பாவிடம் நீங்கள் உட்கார்ந்து சொல்ல வேண்டும். சி.ஓ.பி.டி. நோயாளிக்கு மூச்சை இழுப்பதைவிட விடுவதுதான் கஷ்டம். சிறு குழாய்கள் சீக்கிரமே மூடிக்கொள்வதால் பழைய காற்று முழுதாக வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. படி ஏறும்போது வேகவேகமாக மூச்சு விட வேண்டியிருப்பதால், ஒவ்வொரு மூச்சிலும் இன்னும் கொஞ்சம் தேங்குகிறது. நுரையீரல் ஏற்கெனவே ஊதிப்போயிருப்பதால் அடுத்த மூச்சு இழுக்க உள்ளே இடமே இருக்காது. 'நெஞ்சு நிறைஞ்சு கிடக்கு, ஆனா காத்துப் பத்தல' என்று என்னிடம் வருகிறவர்கள் சொல்வது இதைத்தான். மருந்து அந்தத் தேங்கிய காற்றை வெளியேற வைக்கிறது. அது முதல் நொடியின் கணக்கில் தெரியாமல் போகலாம், எஃப்.வி.சி.யிலோ, ஒரே இழுப்பில் எவ்வளவு காற்றை உள்ளே எடுக்க முடிகிறது என்ற அளவிலோ தெரியும். நவம்பரில் அப்பாவின் எஃப்.வி.சி. 320 மி.லி. ஏறியது எனக்கு எஃப்.இ.வி.1 ஏறியதைவிட முக்கியமாகப் படுகிறது.

வீட்டில் நீங்களே பார்க்கவும் வழி உண்டு. இன்ஹேலரை ஒழுங்காக இழுத்த நாட்களில் மாடிக்கு எத்தனை முறை நின்று ஏறினார்? டீக்கடை வரை நடந்தால் வழியில் எங்கே நிற்க வேண்டியிருந்தது? குளித்து, வேட்டி கட்டி முடிக்கும்போது மூச்சு வாங்குகிறதா? நிறுத்திய இந்த மூன்று வாரத்தில் அதே விஷயங்கள் எப்படி இருந்தன? ஒரு நோட்டில் எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். லேப் தாளைவிட அந்த நோட்டு எங்களுக்கு அதிகம் உதவும். ஆஸ்பத்திரியில் ஆறு நிமிட நடைப் பரிசோதனையும் செய்வார்கள். அதையும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த முறை டெஸ்டுக்குப் போகும்போது நீங்களும் கூடவே உள்ளே நில்லுங்கள். அப்பா ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்தே பீடி குடித்திருக்கக் கூடாது; இடுப்பில் இறுக்கமான பெல்ட் வேண்டாம். மூக்கில் கிளிப் மாட்டி, குழாயை உதட்டால் இறுகக் கவ்வி, வயிறு முட்ட மூச்சை இழுத்து, தயங்காமல் வெடிப்பது போல் ஊத வேண்டும். ஊத ஆரம்பித்தபின் இனி ஒன்றுமே வரவில்லை என்னும் வரை விடாமல் தொடர வேண்டும். சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்கு இது பத்துப் பன்னிரண்டு நொடிகூடப் போகும். மூன்று நொடியில் 'போதும் ஐயா' என்று நிறுத்திவிட்டால் எஃப்.வி.சி. குறைவாகப் பதிவாகி, விகிதம் உள்ளதைவிட நன்றாக இருப்பதாகக் காட்டிவிடும். மருந்துக்கு முன் ஐந்து நொடி, பின் பத்து நொடி என்று ஊதினால், மருந்து செய்யாத மாற்றமும் மருந்தின் கணக்கில் வந்துவிடும். அதனால் இரண்டு முறையும் எத்தனை நொடி ஊதினார் என்று கேளுங்கள். தாளில் அது பதிவாகியிருக்கும். குறைந்தது மூன்று நல்ல ஊதல்கள் வேண்டும். பிறகு சால்புடமால் 100 மைக்ரோகிராம் பஃப் நான்கு, ஸ்பேசர் (இன்ஹேலரோடு மாட்டும் குழாய்) வழியாக, ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு. ஒவ்வொரு முறையும் ஐந்து முதல் பத்து நொடி மூச்சைப் பிடித்து வைக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்துதான் மறுபடி ஊத வேண்டும். வரிசையில் ஆள் நிற்கிறது என்று ஐந்தாவது நிமிடத்திலேயே கூப்பிட்டால், பணிவாக 'இன்னும் நேரம் ஆகவில்லையே' என்று சொல்லுங்கள்.

தினசரி இன்ஹேலரை அப்பா எப்படி இழுக்கிறார் என்பதையும் மருத்துவர் முன்னால் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். பவுடர் வகை என்றால் வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும், ஸ்ப்ரே வகை என்றால் மெதுவாக. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், மருந்து தொண்டையோடு நின்றுவிடுகிறது. இன்ஹேலர் பழகிவிடும் என்ற பயம் அவருக்கு இருந்தால், பழகி அடிமையாக்குவது அந்த நாலைந்து பீடிதான் என்று அன்பாகச் சொல்லுங்கள். வருடா வருடம் நுரையீரல் கொள்ளளவு கரைந்துபோகும் வேகத்தைக் குறைப்பதில், பீடியை முற்றாக விடுவதற்கு இணையாக எங்களிடம் ஒரு மருந்தும் இல்லை. குறைத்ததற்கே அவரைப் பாராட்டுங்கள். முழுக்க விட நிகோட்டின் சூயிங்கம், பேட்ச் போன்றவை கிடைக்கின்றன, மருத்துவரிடம் கேளுங்கள். நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகள் போட்டாகிவிட்டதா என்பதையும் அப்போதே பேசிவிடலாம்.

மூன்று வாரம் மருந்தில்லாமல் இருந்தவர் என்பதால் இந்த நாட்களில் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி அளவு கூடினால், இளைப்பு வழக்கத்தைவிட அதிகமானால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் மறுநாளே மருத்துவரைப் பாருங்கள். ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேசி முடிக்க முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பகலிலேயே வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐக் கூப்பிட்டு நேராக அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்; இரண்டு அறிக்கைகளையும் இன்ஹேலரையும் கையோடு எடுத்துப் போங்கள்.